நான் கொடுத்தேன், நீங்கள்?

கல்வி மாவட்ட அலுவலகத்தில் ஒருவர் எப்படித் தானாக முன்வருகிறார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டைரக்டர் கூட்டம் போடுவார். ஒரு ஆளின் பெயரைச் சொல்லுவார். அந்த ஆளைத் தவிர மற்ற எல்லோரும் படபடவென்று கைதட்டுவார்கள், தங்கள் தலை தப்பியதே என்ற சந்தோஷத்தில். கைதட்டல் அடங்கும்போது அந்த ஆள் தானாக முன்வந்திருப்பார். சம்பளப் பிரிவில் இருந்த அக்கா இப்படி மூன்றாவது வருடமாகத் தானாக முன்வந்திருந்தாள்.

அக்கா என்று அவளைக் கூப்பிட்டது அலுவலகம் முழுவதும். சம்பளத்தில் பிடித்தம் கூடிப்போனாலும் சரி, விடுப்புக் கணக்கு உதைத்தாலும் சரி, "அக்கா, கொஞ்சம் பாருங்களேன்" என்று வந்து நிற்பார்கள். வேலை முடிந்ததும் அடுத்த மாதம்வரை ஆளைக் காணக் கிடைக்காது. அவளை அக்கா என்று கூப்பிட நிஜமாகவே உரிமை உள்ளவள் ஒருத்திதான். கூடப் பிறந்த தங்கை. அவளும் இதே மாவட்டத்தில், ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். சீசா கழுவுவது, அமிலத்தை அளந்து வைப்பது, பிள்ளைகள் அதைத் தங்கள்மேல் ஊற்றிக்கொள்ளாமல் பார்ப்பது, இதெல்லாம் அவள் வேலை.

அக்கா முன்வந்திருந்த காரியத்துக்குப் பெயர் ஊழியர் ஈகை இயக்கம். வருடத்துக்கு ஒருமுறை, ஆசிரியர், எழுத்தர், பேருந்து ஓட்டுநர், துப்புரவுப் பணியாளர் என்று மாவட்டத்தில் சம்பளம் வாங்குகிற எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். அது ஒரு அறக்கட்டளைக்குப் போகும். அறக்கட்டளை சனிக்கிழமைதோறும் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், பால் பவுடர், சோப்பு எல்லாம் வைத்து ஒரு பெட்டி கொடுக்கும். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் டைரக்டருக்கு அரிசியும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சுழற்கேடயம். எந்த மாவட்டத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை ஊழியர்களும் கொடுக்கிறார்களோ அந்த மாவட்டத்துக்குக் கேடயம். போன வருடம் அது பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. அந்த மாவட்டத்து டைரக்டர் இவரோடு ஒரே வகுப்பில் படித்தவர், அதிலும் இவரைவிட மார்க் குறைவு. அந்த வயிற்றெரிச்சலில்தான் ஒரு வருடமாக மனுஷர் ஓடிக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் சதவீதத்தில் பேசுவார் என்பதால் அவருக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயர் சதவீதம்.

"மேடம், இந்தத் தடவை நூறு. தொண்ணூத்தொம்பதுன்னு யாராவது சொன்னா என் காதுல விழாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இதில் அக்காவுக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. அறக்கட்டளை கொடுக்கும் பெட்டிகளில் ஒன்று தங்கையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தங்கையின் கணவன் கட்டட வேலைக்காரன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்த படுக்கை. வைத்தியத்துக்கு வாங்கிய கடன் தங்கையின் சம்பளத்தில் பாதியை விழுங்கியது. இரண்டு பிள்ளைகள், வளர்கிற வயது, எப்போது பார்த்தாலும் பசி. அக்கா கையில் காசை எடுத்துக்கொண்டு போனால் தங்கை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். கடைசியில் அக்கா அறக்கட்டளையில் சொல்லி ஒரு டோக்கன் வாங்கிக்கொடுத்தாள். அங்கே பெயர் கேட்பதில்லை. டோக்கனைக் காட்டினால் பெட்டி.

தங்கை ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் அந்த டோக்கனைத் தொட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நம்ம டிபார்ட்மெண்ட்ல ஒருத்தருக்கும் இது தெரியக்கூடாது. தெரிஞ்சுதுன்னா அந்தப் பெட்டியை நான் கையால தொடமாட்டேன். பிள்ளைங்க பட்டினி கிடந்தாலும் சரி."

"என்கிட்ட வாங்கிக்க மாட்டேங்கற, அங்க போய் வாங்கறியே" என்று அக்கா கேட்டதற்கு, "அங்க கொடுக்கறவங்களுக்கு என்னைத் தெரியாது. அதனாலதான்க்கா வாங்கறேன்" என்றாள்.

அக்கா சத்தியம் பண்ணிக்கொடுத்தாள். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தாள். வாயைத் திறந்து யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வாயால் வந்த வினை இல்லை இது, கையால் வந்தது.

இயக்கம் தொடங்கியது. அலுவலக நடைபாதையில் ஆள் உயரத்துக்கு ஒரு வெப்பமானி வரைந்து மாட்டினார்கள். ஒவ்வொரு நாளும் சதவீதம் ஏற ஏற, அதில் சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும். சாயம் ஏற்றுவது யார்? கேட்பானேன். ஸ்டூலைப் போட்டு ஏறி அக்காதான் பூசினாள். அவள் ஏறுவதைப் பார்த்தாலே, இறங்கியதும் காசு கேட்டு வருவாள் என்று ஆட்கள் கழிப்பறைக்குள் புகுந்துகொண்டார்கள். கணக்குப் பிரிவில் ஒருவருக்கு அந்த மாதம் மட்டும் அடிக்கடி செல்போன் ஒலித்தது. பேசிக்கொண்டே எழுந்து போய்விடுவார். விளையாட்டு ஆசிரியர் ஒருவர், "அக்கா, தர்மம் வலது கை கொடுக்கறது இடது கைக்குத் தெரியக்கூடாது, நான் தனியா கொடுத்துக்கறேன்" என்றார். அவர் கொடுத்தது அவருடைய வலது கைக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இப்படிப்பட்ட ஜனங்களை அசைக்கத்தான் சதவீதம் ஒரு யோசனை பண்ணினார். அந்த மாவட்டத்தில் பியூனிலிருந்து தலைமை ஆசிரியர்வரை எல்லோருக்கும் நீலநிறச் சீருடை. சலவை பண்ணினால் கஞ்சிபோட்ட அட்டை மாதிரி விறைத்து நிற்கும், கழுத்தை அறுக்கும். கொடுத்தவர்களுக்கு ஒரு ஆரஞ்சு நிற ஸ்டிக்கர். ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டவர்கள் இயக்கம் முடியும்வரை வெள்ளிக்கிழமைகளில் சீருடை போட வேண்டாம், இஷ்டப்பட்ட உடையில் வரலாம்.

அடேயப்பா, என்ன ஒரு தாராளம் பொங்கியது! ஏழை எளியவர்களுக்காக அசையாத கைகள் ஒரு பூப்போட்ட சட்டைக்காக அசைந்தன. விளையாட்டு ஆசிரியர் முதல் வெள்ளிக்கிழமையே மயில் கழுத்து நிறத்தில் ஒரு பனியன் போட்டு வந்தார். கணக்குப் பிரிவுக்காரரின் போன் ஒலிப்பது நின்றது. மூன்று வெள்ளிக்கிழமைக்குள் சிவப்புச் சாயம் வெப்பமானியின் கழுத்தை எட்டிவிட்டது. யாராவது வெள்ளிக்கிழமை நீலத்தில் வந்தால், "என்ன, கைக்கு அவ்வளவு வலியா?" என்று ஒரு கேள்வி. மறுவாரம் அவரும் ஆரஞ்சு.

கடைசியில் நீலத்தில் மிஞ்சியது ஒரே ஒரு ஆள். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வக உதவியாளர்.

சதவீதம் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"மேடம், ஒரே ஒரு ஆள். ஒரே ஒரு ஆளால மாவட்டத்தோட மானம் போகுது. அதுவும் யாரு? உங்க சொந்தத் தங்கச்சி. நீங்களே வீட்ல பேச முடியலைன்னா வெளியில எப்படி மேடம் பேசுவீங்க?"

"அவ வீட்டுக்காரர் விழுந்து கிடக்கறார் சார். கஷ்டம்."

"கஷ்டம் யாருக்குத்தான் இல்ல? என் காருக்கு இன்னும் தவணை போகுது. ஒரு டீக்காசு கொடுத்தாக்கூட ஸ்டிக்கர் உண்டு மேடம். எனக்குத் தேவை தொகை இல்ல, தலை."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. டைரக்டர் சொன்னதுகூடப் பெரிதில்லை. போன வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளிக்குப் போனபோது அவள் கண்ணால் பார்த்தது அதைவிட உறுத்தியது. ஆசிரியர் அறையில் எல்லோரும் கல்யாண வீடு மாதிரி வண்ண வண்ணமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை மட்டும் நீலத்தில், ஓரமாக, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். யாரோ ஏதோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். என் தங்கச்சியை இவர்கள் கஞ்சம் என்று சொல்வதா?

அன்று மாலையே தன் பையிலிருந்து காசை எடுத்துத் தங்கை பெயரில் கட்டினாள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போனாள். தங்கை குழாயடியில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் சோப்பு நுரை. அக்கா சட்டென்று ஸ்டிக்கரை அவள் நீலச் சட்டையின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தியும்விட்டாள்.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல, இருக்கட்டும். எல்லாரும் உன்னையே பாக்கறாங்க."

"பாத்தா பாக்கட்டுமே. நான் கொடுக்கல. அதனால நீலம். இதுல என்ன?"

"நான் உனக்காகக் கொடுத்துட்டேன். சின்னக் காசுதான். விடேன்."

தங்கை நுரைக் கையோடு அப்படியே நின்றாள். "நான் கேட்டேனா உன்னை?" என்றாள். அதற்குள் மணி அடித்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள். ஈரக் கையால் அதைப் பிய்க்கவும் முடியவில்லை, பிள்ளைகள் முன்னால் சண்டை போடவும் முடியவில்லை. அக்கா நைசாக நழுவிவிட்டாள். பஸ் ஏறும்போது பெரிய காரியம் ஒன்றை முடித்துவிட்ட திருப்திகூட இருந்தது அவளுக்கு.

அந்தத் திருப்திக்கு ஆயுள் அரைநாள். மத்தியானம் நூறு சதவீதம் என்ற செய்தி டைரக்டர் அறைக்குப் போனது. மனுஷர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"யாரு அந்தக் கடைசி ஆளு? உங்க தங்கச்சியா? வீட்டுக்காரர் படுக்கையில, சின்ன சம்பளம், அப்படியும் கொடுத்திருக்காங்களா? மேடம்! இதுதான் மேடம் நம்ம முகம்!"

"சார், வேணாம் சார், அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது..."

"பெரிய மனசுக்காரங்களுக்கு விளம்பரம் பிடிக்காதுதான். அதுக்குத்தானே நாம இருக்கோம்."

மாவட்டத்தின் செய்திப் பிரிவில் ஒரு போட்டோக்காரர் உண்டு. குழந்தைகள் தடுப்பூசி போட்டுக்கொண்டாலும் படம், டைரக்டர் தும்மினாலும் படம் என்பதால் அவர் பெயர் ஃபிளாஷ். ஃபிளாஷ் நேரே ஆய்வகத்துக்குப் போனார். தலைமை ஆசிரியர் ஒரு பக்கம், வேதியியல் ஆசிரியை ஒரு பக்கம் நின்றுகொண்டு சிரிக்கச் சொன்னார்கள். தங்கையின் கையில் ஒரு சோதனைக் குழாயைக் கொடுத்து, அதில் கொஞ்சம் நீலத் தண்ணீரையும் ஊற்றி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அவள் வாயைத் திறக்கும் முன்னால் படம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் எல்லாப் பள்ளிகளின் சுவரிலும் அவள் முகம். கீழே பெரிய எழுத்தில், 'நான் கொடுத்தேன், நீங்கள்?' அதற்கும் கீழே சின்ன எழுத்தில், 'சிறிய சம்பளம், பெரிய மனசு.'

தங்கை போன் பண்ணினாள். "எனக்குச் சின்ன சம்பளம்னு ஊர் பூரா ஒட்டிட்டீங்க. சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அக்கா திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை.

சரி, கோபம் ஆறட்டும் என்று ஒரு வாரம் விட்டு, ஞாயிற்றுக்கிழமை தங்கையின் வீட்டுக்குப் போனாள். ஒரு அறை, ஒரு சமையல் இடம். கட்டிலில் கணவன் படுத்திருந்தான். தங்கை தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அக்காவின் கண் வழக்கமாகப் பெட்டி இருக்கும் மூலைக்குப் போனது. மூலை காலியாக இருந்தது.

"நேத்து பெட்டி வாங்கப் போகலையா?"

"போனா" என்றான் கணவன். மனுஷனுக்கு இடுப்புதான் உடைந்திருந்ததே தவிர வாய் நன்றாக இருந்தது. "போனாளே! அதை நீங்க அவ வாயால கேக்கணும் அண்ணி."

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள்.

"போனேன். ஹாலுக்குள்ள நுழைஞ்சா எதிர்ல நானே நிக்கறேன். சுவர் உயரத்துக்கு. கையில குழாய். நம்ம ஆபீஸ்லேர்ந்து அங்கயும் அனுப்பி ஒட்டிட்டாங்க. லைன்ல நிக்கறவங்களைப் பாத்து நான் கேக்கறேன், நான் கொடுத்தேன், நீங்கள்னு. திரும்பிடலாம்னு ரெண்டு அடி வெச்சேன். அதுக்குள்ள அங்க புதுசா வந்திருந்த ஒரு பொண்ணு ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. மேடம், நீங்கதானே அது, வாங்க வாங்க, பெட்டி கொடுக்கத்தானே வந்தீங்கன்னு கேட்டா. எல்லாரும் பாக்கறாங்க. என்ன சொல்லச் சொல்ற?"

"என்ன சொன்ன?"

"ஆமான்னேன். ஏப்ரன் கட்டிவிட்டாங்க. மத்தியானம்வரைக்கும் நின்னு வர்றவங்களுக்கெல்லாம் பெட்டி எடுத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டம்மா வந்தாங்க, அவங்களுக்கும் கொடுத்தேன். கும்பிட்டாங்க என்னை. என் டோக்கன் இடுப்புலயே இருந்துச்சு. முடிச்சதும் எனக்கு ஒரு கப் டீ கொடுத்து, அடுத்த வாரமும் வாங்கன்னு அனுப்பி வெச்சாங்க."

"டீ நல்லா இருந்துச்சாம்" என்றான் கணவன். சிரிக்க ஆரம்பித்தவன் இடுப்பு வலியில் நிறுத்திக்கொண்டான்.

பிள்ளைகள் வெளியே விளையாடிவிட்டு வந்தன. பெரியது அக்காவைப் பார்த்ததும், "பெரியம்மா, பால் பவுடர் தீந்துபோச்சு" என்றது. தங்கை ஒரு அதட்டல் போட்டாள். அக்கா கைப்பையைத் திறந்தாள். "மூடு" என்றாள் தங்கை. அக்கா மூடினாள். வீடு திரும்பும்வரை பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கிளம்பும்போது ஒன்று மட்டும் செய்திருந்தாள். ஆணியில் தொங்கிய டோக்கனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறையும் கேட்கவில்லைதான்.

சனிக்கிழமை காலையில் அறக்கட்டளையின் ஹாலில், மாவட்ட ஊழியர் ஈகை இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் வரிசையில் போய் நின்றாள். முன்னால் ஒரு கிழவர், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். எதிர்ச் சுவரில் தங்கை குழாயைத் தூக்கிப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்பதுதான் அக்காவின் கணக்கு. ஆனால் கேடயம் கிடைத்த மாவட்டத்தின் டைரக்டர் சும்மா வீட்டில் இருப்பாரா? ஏழைகளுக்குத் தன் கையால் கொடுப்பதுபோல ஒரு படம் எடுத்துக்கொள்ள, ஃபிளாஷைக் கூட்டிக்கொண்டு அதே நேரத்துக்கு வந்து இறங்கினார்.

"அட, மேடம்! நீங்களும் வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. இங்க ஏன் நிக்கறீங்க? இது வாங்கறவங்க லைன். நாம அந்தப் பக்கம்."

"நானும் வாங்கத்தான் சார் வந்திருக்கேன்."

"வாங்கவா? யாருக்கு?"

உண்மையைச் சொன்னால் தங்கையின் மானம் போகும், பெட்டியும் போகும். வேறு கதை கட்ட நேரம் இல்லை.

"எங்க வீட்டுக்குத்தான் சார்."

சதவீதத்தின் வாயில் ஒரு எண்கூட வரவில்லை. ஃபிளாஷ்கூட கேமராவை இறக்கிவிட்டார். கிழவர் பெட்டியை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அக்கா டோக்கனைக் காட்டிப் பெட்டியை வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். தங்கையின் வீட்டு வாசலில் அதை வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, தெருமுனைக்கு ஓடிவிட்டாள். இந்த வயதில் அப்படி ஓடியது முழங்காலுக்கு ஆகவில்லை.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது எல்லோரும் அவளிடம் மெல்லிய குரலில் பேசினார்கள். சாவு வீட்டில் பேசுவதுபோல. அதன்பிறகு கருணை வர ஆரம்பித்தது பாருங்கள், தாங்க முடியவில்லை. கணக்குப் பிரிவுக்காரர் ஒரு பை நிறையப் பழைய துணி கொண்டுவந்து மேஜைக்கடியில் வைத்தார். மேலாக இருந்தது ஒரு கிழிந்த தலையணை உறை. விளையாட்டு ஆசிரியர் வந்து, "அக்கா, வீட்ல யாராவது குடிக்கறாங்களா?" என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரி தன் சாப்பாட்டில் பாதியை எடுத்து இவள் டப்பாவில் வைத்துவிட்டு, இவள் சாப்பிடுகிறாளா என்று கண்கொட்டாமல் பார்த்தாள். ஸ்டூல் மேல் ஏறிச் சாயம் பூசிய ஆறு வாரத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத ஆட்கள். அக்கா எல்லாவற்றையும் "நன்றி, நன்றி" என்று வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது? ஒரு வார்த்தை மறுத்தால், அப்போ பெட்டி யாருக்கு என்று கேள்வி வரும். கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வருவாள். இதெல்லாம் தங்கையின் பள்ளிவரைக்கும் பேச்சாகப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை கேடய விழா. மாவட்டத்தின் பெரிய அரங்கம் நிறையக் கூட்டம். இயக்கத்தின் கடைசி வெள்ளி என்பதால் ஒரே வண்ணமயம். மேடையில் சதவீதம், கேடயத்தைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக் முன்னால் வந்து நூறு என்ற சொல்லை வாய் வலிக்கும்வரை சொன்னார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"இன்னொரு விஷயம். நம்மகிட்ட கொடுக்கறவங்க மட்டும் இல்ல, தேவை உள்ளவங்களும் இருக்காங்க. நமக்காக ஓடி ஓடி உழைச்ச ஒருத்தர், தன் கஷ்டத்தை வெளியில சொல்லாம, சனிக்கிழமை லைன்ல நின்னதை நானே என் கண்ணால பாத்தேன். அவங்களுக்கு நம்ம மாவட்டம் சார்பா ஒரு சின்ன உதவி. அதைக் கொடுக்கப்போறது யாரு தெரியுமா? நம்ம முகம்! அதுவும் சொந்தத் தங்கச்சி!"

பளபளக் காகிதம் சுற்றிய ஒரு பெரிய பெட்டியை இரண்டு பேர் மேடைக்குத் தூக்கி வந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டார்கள். தங்கையையும் கூப்பிட்டார்கள். தங்கை மேடைப் படி ஏறி வந்தாள். அரங்கத்திலேயே நீலச் சீருடையில் இருந்தது அவள் ஒருத்திதான். ஸ்டிக்கர் இல்லை, ஒட்டியிருந்த இடத்தில் ஒரு வட்டப் பசைக்கறை மட்டும் இருந்தது.

பெட்டியின் இரு பக்கமும் இருவரும் நின்றார்கள். அக்கா குனிந்த தலையை லேசாக அசைத்தாள். வேண்டாம், எதுவும் சொல்லாதே, கொடுத்துவிட்டுப் போ என்று. கண்ணுக்குக் கீழே கருவளையம். வாரம் முழுக்க அழுத முகம். தங்கை அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சிரிங்க, இப்படிப் பாருங்க" என்று ஃபிளாஷ் கீழேயிருந்து கையைக் காட்டினார்.

தங்கை மைக்கைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம். இந்தப் பெட்டி எங்க அக்காவுக்கு இல்ல. அன்னிக்கு அவ லைன்ல நின்னு வாங்கினதும் அவளுக்கு இல்ல. அது என் டோக்கன். வீட்டுக்காரர் விழுந்ததுலேர்ந்து அந்தப் பெட்டியை வாங்கறது நான்தான். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நான் கேட்டுக்கிட்டேன். அதுக்காக எங்க அக்கா உங்க பழைய துணியெல்லாம் வாங்கிக்கிட்டிருக்கா."

கணக்குப் பிரிவுக்காரர் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். அது ஒலிக்கவில்லை.

"இன்னொண்ணு. நான் எதுவும் கொடுக்கல. சுவத்துல இருக்கற அந்தம்மா சொல்றது பொய். என் பேர்ல அக்கா கட்டினா. என்னைக் கேக்காம."

இவ்வளவு சொல்லியும் குரல் நடுங்கவில்லை அவளுக்கு. சதவீதத்துக்குத்தான் நடுங்கியது. கேடயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அருகில் வந்தார்.

"அப்போ... அப்போ நாம நூறு இல்லையா?"

இவ்வளவையும் கேட்டுவிட்டு மனுஷர் கேட்டது இதைத்தான். அதன்பிறகும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "மேடம், அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கொஞ்சம் வெளியில விடாம பாத்துக்குங்க" என்று அக்காவின் காதில் கெஞ்சினார். கேடயம் இன்றைக்கும் அவர் அறையில்தான் இருக்கிறது. தினமும் துடைக்கிறார்கள்.

கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் விழித்துக்கொண்டிருக்க, தங்கை குனிந்து பெட்டியைத் தூக்கினாள். பின்கதவு வழியாக வெளியே போனாள். அக்கா பின்னாலேயே ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் போய்ப் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டுத் தங்கை மூச்சு வாங்கினாள்.

"தெரிஞ்சா தொடமாட்டேன்னியே" என்றாள் அக்கா.

"சொன்னேன். என் மானத்துக்கு நீ அழுதுக்கிட்டிருந்தா, அந்த மானத்தை வெச்சு நான் என்ன பண்றது?" தங்கை காகிதத்தைக் கிழித்து உள்ளே பார்த்தாள். "பால் பவுடர் வெச்சிருக்காங்க. நல்லவேளை."

"கோபமா என்மேல?"

"கோபம்தான். ஸ்டிக்கர் ஒட்டறப்ப கேட்டியா? டோக்கனை எடுத்தப்ப கேட்டியா? சின்ன வயசுலேர்ந்து எனக்கு எது நல்லதுன்னு நீயேதான் முடிவு பண்ற. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னைக் கேக்கக்கூடாதா?"

மாவட்டத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் ஆறு வாரம் கையேந்திக் கேட்டவள், கேட்க வேண்டிய ஒருத்தியைக் கேட்கவில்லை. அக்கா தெருவைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

பஸ் வந்தது. தங்கை பெட்டியைத் தூக்கக் குனிந்தாள். நல்ல கனம். அக்காவின் இரண்டு கைகளும் பழக்கத்தில் தாமாகவே முன்னால் போயின. போனவை பாதியில் நின்றன.

"ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

தங்கை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"பிடி" என்றாள்.